தடுப்புச் சுவரும் நியூட்ரினோப் பயிலரங்கும்

நவம்பர் 3, திங்கள்

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. கீழே ‘ஒருங்கிணைப்பாளர்: முனைவர் செண்பகவல்லி’ என்று போட்டிருக்கிறார்கள். இனிமேல் ஓடி ஒளிய முடியாது. வேலைகள் மறந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதத் தொடங்குகிறேன், வேறொன்றுமில்லை.

‘அணுக்கருவோடு நியூட்ரினோ மோதும்போது’ என்று இயக்குநர் வரதராஜுலு சாரே தலைப்பு வைத்தார். இருபத்து நான்காம் தேதி தொடங்கி ஐந்து நாள். வெளிநாட்டிலிருந்து பதினொரு பேர், மற்றவர்கள் நம் ஊர்க்காரர்கள். கோத்தகிரி மாதிரி ஓர் ஊரில், எங்களுடையதைப் போன்ற சின்ன மையத்தில் இப்படி ஒன்று நடப்பது சாரின் பல வருஷக் கனவு. மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் இதைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

மாலையில் அறை ஒதுக்க விடுதிக்குப் போனேன். மலையை வெட்டி, மூன்று ஆள் உயரத்துக்குக் கருங்கல்லில் தடுப்புச் சுவர் எழுப்பி, அதன் முன்னால் கட்டிய விடுதி அது. சுவருக்கு மேலே தேயிலைத் தோட்டம். சுவருக்கும் விடுதிக்கும் நடுவே உள்ள இரண்டு அறை வீட்டில்தான் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் லோகநாதன் குடியிருக்கிறார். அவர் மனைவி பரமேஸ்வரி. பள்ளி விட்டதும் என் மகள் மித்ரா அங்கேதான் போவாள். நான் வேலை முடித்து வரும்வரை பரமேஸ்வரி தன் மகள் ஷாலினியோடு அவளையும் பார்த்துக்கொள்வாள்.

மூன்றாம் எண் அறையின் பின்கதவு சாத்த வரவில்லை. நிலை சாய்ந்திருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தடுப்புச் சுவரில் மேலிருந்து பாதிவரை ஒரு விரிசல். போன மாதம் அது இருந்ததா என்று நினைவில்லை.

சுவர் கொஞ்சம் வயிறு தள்ளி நிற்பதுபோலவும் இருந்தது. வெளிச்சம் குறைவு. அப்படித் தெரிந்திருக்கலாம்.

நவம்பர் 5, புதன்

இத்தாலிக்காரர் பாலும் தயிரும் தொடமாட்டாராம். சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. டோக்கியோவிலிருந்து வரும் மொரீட்டாவின் விசா தயார். விமான நிலையத்துக்கு இரண்டு வேன்.

கட்டடப் பிரிவுப் பொறியாளர் வந்தார். குடையை மடக்காமலே சுவரைப் பார்த்துவிட்டு, “இது பழைய விரிசல் மேடம். ஈரத்துல கதவு உப்பியிருக்கும். இழைச்சா சரியாயிடும்” என்றார். சரி என்றேன். அவர் போன பிறகு விரலை விரிசலுக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே பாசி இல்லை. கல் புதிதாக வெட்டியதுபோல் வெளுப்பாக இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

விடாத மழை. தோசை இரண்டு முறை கருகிவிட்டது. நேற்றைய தோசைமாவு புளித்துவிட்டது, அதனால் இருக்கும்.

நவம்பர் 8, சனி

ஆய்வகத்திலிருந்து நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடித் தகடுகளை எடுத்துப் போய், விரிசலின் குறுக்கே பசை வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சாதாரண ஏற்பாடு.

பரமேஸ்வரி துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: “என்ன மேடம் ஒட்டுறீங்க?”

“ஈரம் எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுக்கு.”

“ஈரத்துக்கென்ன கொறச்சல், எங்க வீட்டுப் பாயத் தொட்டுப் பாருங்க” என்று சிரித்தாள்.

மித்ராவும் ஷாலினியும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். “எழுந்திருங்க!” என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் பயந்துபோனார்கள். எறும்பு இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பர் 10, திங்கள்

சாரோடு உட்கார்ந்து அமர்வுகளை முடிவு செய்தோம். முதல் நாள் முழுக்க அடிப்படை. நியூட்ரினோவின் ஆற்றலை யாராலும் நேரே அளக்க முடியாது. அது அணுக்கருவில் மோதிய பிறகு வெளியே வரும் துகள்களைக் கூட்டித்தான் கணக்குப் போடுகிறோம். ஆனால் அந்தத் துகள்களில் சில அணுக்கருவை விட்டு வருவதற்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். அப்போது கணக்கு தப்பாகும். எவ்வளவு தப்பாகும் என்பதில்தான் எல்லாருக்கும் சண்டை. கார்பனுக்குச் சரியாக வரும் கணக்கு ஆர்கானுக்குச் சரியாக வருவதில்லை. மொரீட்டாவும் இத்தாலிக்காரரும் இரண்டு வருஷமாகக் கட்டுரைகளில் அடித்துக்கொள்கிறார்கள்.

“ரெண்டு பேரையும் ஒரே மேசையில உக்கார வைக்கிறேன் பாருங்க” என்று சார் கையைத் தேய்த்துக்கொண்டார். சின்னப் பையன்போல் முகம். “மொரீட்டாவுக்கு மூணாம் நம்பர் ரூம் குடுங்க. அதுலதான் காலையில வெயில் வரும்.”

சுவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. தேநீர் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

ஒரு கண்ணாடி உடைந்துவிட்டது.

நேராகச் சாரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“எத்தனை உடைஞ்சிருக்கு?”

“ஒண்ணு சார்.”

“ஒரே ஒரு நிகழ்வு. அத வெச்சு நீங்க ஒரு கட்டுரை எழுதுவீங்களா?”

“மாட்டேன் சார்.”

“பின்னே? குளிர்ல பசை இழுத்திருக்கும். வேற எதனாலயெல்லாம் உடையும்னு பாத்துக் கழிச்சுட்டு வாங்க, பேசலாம்.”

அவர் சொன்னது நியாயம். என் மாணவர்களிடம் நானும் இதையேதான் சொல்வேன். விடுதி முகப்பில் இருக்கும் நல்ல தூணில் ஒப்பீட்டுக்காக இரண்டு தகடுகளை ஒட்டினேன். அதே குளிர், அதே பசை. விரிசலிலும் புதிதாக ஒட்டினேன். ஒட்டும்போது ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

மழைக்காகக் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறார். எனக்கோ வேலை தலைக்கு மேல். மித்ராவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கோவைக்குக் கூட்டிப்போய்க் கோமதி அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

“ஏன், அந்தப் பரமேஸ்வரி இருக்காளே?” என்று அக்கா கேட்டாள்.

“அவளுக்கும் வேலை இருக்கும்லக்கா.”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு மித்ராவின் ஈரச் செருப்பை எடுத்துக் காயவைத்தாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் நன்றாகத் தூங்கினேன். பல நாளுக்குப் பிறகு.

நவம்பர் 14, வெள்ளி

மஸ்கட்டிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். “நீ எப்பவுமே எதையாவது நெனச்சு பயந்துக்கிட்டே இருப்பே” என்றார். பெயர்ப்பட்டைகளுக்குக் கயிறு வாங்க வேண்டும்.

நவம்பர் 15, சனி

தூணில் ஒட்டிய தகடுகள் முழுசாக இருக்கின்றன. விரிசலில் ஒட்டியவை எல்லாம் உடைந்துவிட்டன.

இன்னொன்றும் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடிவதற்காக அடியில் துளைகள் விட்டிருப்பார்கள். போன வாரம் அவற்றிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இன்று இவ்வளவு மழையிலும் துளைகள் காய்ந்து கிடக்கின்றன. பின்னால் எங்கோ அடைத்துக்கொண்டுவிட்டது. தண்ணீர் உள்ளேயே நிற்கிறது.

சாருக்குப் போன் செய்தேன். இந்த முறை அவர் பசை, குளிர் என்று சொல்லவில்லை; எத்தனை துளை என்று கேட்டார். பிறகு, “அஞ்சு நாள்தானே. முடிஞ்ச உடனே ஆள் விட்டு ரிப்பேர் பண்ணிடலாம். இப்ப யார்கிட்டயும் சொல்லிப் பதற வைக்காதீங்க” என்றார்.

குனிந்து துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரி வந்து பின்னால் நின்றாள்.

“பாப்பாவக் கோயமுத்தூர் அனுப்பிட்டீங்களாமே மேடம்.”

“ஸ்கூல் லீவு விட்டாங்கல்ல, அதான்.”

“லீவுன்னா நம்ம வீட்லதானே இருப்பா.”

அவள் உடைந்த கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஷாலினிக்கும் லீவுதான் மேடம்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ரசம் வைத்தேன். பெயர்ப்பட்டைகளுக்குக் கயிறு கோத்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

காலையில் ரெபேக்காவைக் கூப்பிட்டேன். என்னோடு எம்.எஸ்சி. படித்தவள், காரமடைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் துறைத் தலைவர். “ஹால் இருக்கு, ஹாஸ்டல்ல ஒரு மாடி காலியா இருக்கு. ஏசி கிடையாது. பரவால்லைன்னா வா” என்றாள்.

வந்து சேர வேண்டிய எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். மழை காரணமாகப் பயிலரங்கு சமவெளிக்கு மாற்றப்படுகிறது என்று. அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மதியம் சார் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

“யாரக் கேட்டு அனுப்பினீங்க?”

“யாரையும் கேக்கலை சார்.”

“மழைன்னு எழுதியிருக்கீங்க. பயம்னு எழுதியிருக்கணும்.”

“ஆமா சார். பயம்தான்.”

அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். “பத்து வருஷமா இதுக்காக ஒவ்வொருத்தர் கால்லயும் விழுந்திருக்கேன். கடைசியில ஏதோ காலேஜ் ஹாஸ்டல்ல நடத்தறேன். எல்லாம் முடியட்டும், அப்புறம் விளக்கம் கேட்டு மெமோ வரும். பதில் யோசிச்சு வெச்சுக்குங்க.”

“லோகநாதன் குடும்பத்தையும் வேற இடத்துக்கு மாத்தணும் சார்.”

“விடுதிய யாரு பாத்துக்கறது? நீங்களா?”

நவம்பர் 18, செவ்வாய்

பரமேஸ்வரி வீட்டு வாசலில் நின்று உள்ளதைச் சொன்னேன். கண்ணாடி எதற்கு, துளைகள் காய்ந்தால் என்ன அர்த்தம், எல்லாம். மித்ராவை எதற்கு அனுப்பினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

“நிச்சயமா விழுந்துருமா மேடம்?” என்று லோகநாதன் கேட்டார்.

“தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும். எங்க வீட்டுக்கு வந்துருங்க.”

அவர் மறுத்துத் தலையாட்டினார். “விடுதியக் காலியா விட்டா சார் என்னையத்தான் கேப்பாரு. எங்க அப்பாவுக்கு சிலோன்லயும் வீடில்ல, இங்க வந்தும் வீடில்ல. எனக்கு இந்த ரெண்டு ரூம்தான். இந்த வேலையும் போச்சுன்னா எங்க மேடம் போறது?”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பரமேஸ்வரி ஷாலினியின் சட்டைகளை ஒரு போர்வையில் மூட்டை கட்டிவிட்டாள். “நானும் புள்ளையும் மேடத்தோட போறோம். நீங்க இருந்து சுவரக் காவல் காருங்க.”

கடைசியில் அவர், விடுதியின் முன்பக்க வரவேற்பறையில் படுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் அசையவில்லை.

நவம்பர் 20, வியாழன்

வெயில். மலை முழுக்கப் பளிச்சென்று இருக்கிறது. சுவர் அப்படியே நிற்கிறது.

என் அடுப்படியில் பரமேஸ்வரி சமைக்கிறாள். என்னை விட உப்பு குறைவாகப் போடுகிறாள். பயிலரங்கு முடியும்வரை மித்ரா அக்கா வீட்டில்தான். ஷாலினி மித்ராவின் கட்டிலில் படுத்து மித்ராவின் புத்தகங்களைப் பார்க்கிறாள். பக்கத்துக் குடியிருப்புக்காரர் ஒருவர், “என்ன, ஆளை வீட்டோட வெச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டார். பரமேஸ்வரி காதிலும் விழுந்தது.

புல்தரையில் சாரைப் பார்த்தேன். “சுவர் சௌக்கியமா?” என்றார் சிரித்துக்கொண்டே. கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். விழுந்து தொலையட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே உள்ளே இருக்கும் லோகநாதன் ஞாபகம் வந்தது. சுவரை நினைத்துப் பயந்ததைவிட என் மனசை நினைத்து இன்று அதிகம் பயந்தேன்.

நவம்பர் 22, சனி

“வீட்டுக்குப் போறேன் மேடம். வெயிலடிக்குது, ஊரே சிரிக்குது” என்றாள் பரமேஸ்வரி. இன்னும் ஒரு வாரம் என்று கெஞ்சினேன். உங்களுக்காக இருக்கிறேன் என்றாள். எனக்காக.

நவம்பர் 23, ஞாயிறு

விருந்தினர்களைக் கோவை விமான நிலையத்தில் வரவேற்று நேராகக் காரமடைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மொரீட்டா சின்ன உருவம், ஓயாமல் குனிந்து வணங்குகிறார். ஹாஸ்டல் கட்டிலுக்கும் கொசுவலைக்கும் நன்றி சொன்னார். மாலையில் மலைப்பக்கம் பார்த்தேன். கறுத்துக் கிடந்தது.

நவம்பர் 24, திங்கள்

விடியும்போதே இங்கேயும் மழை. தொடக்க உரை முடிந்தது. சார் நன்றாகப் பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை. முதல் அமர்வில் மொரீட்டா ஆர்கான் கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போது என் போன் அதிர்ந்தது. பரமேஸ்வரி. வெளியே ஓடினேன்.

“மேடம், மேல ஏதோ பெருசா சத்தம் கேட்டுச்சு. அவரு போன எடுக்க மாட்டேங்கறாரு.”

“நீ எங்க இருக்க? ஷாலினி?”

“உங்க வீட்லதான். புள்ளை என் கையில இருக்கு. நான் போய்ப் பாக்கட்டுமா?”

“போகாத! பரமு, போகாத. நான் ஆளை அனுப்பறேன்.”

மையத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். லோகநாதன் எண்ணுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்லூரி வராந்தாவில் மாணவர்கள் நனையாமல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன். முன்னறையில்தானே படுக்கிறார், முன்னறையில்தானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் காவலர் அறையிலிருந்து ஒருவர் பேசினார். சுவர் மொத்தமும் சரிந்துவிட்டது. மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு துண்டும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. லோகநாதன் வீடு இருந்த இடமே தெரியவில்லை. விடுதியின் பின்பக்க அறைகள் நாலும் போய்விட்டன. முன்பக்கம் நிற்கிறது.

“லோகநாதன்?”

“தேடிக்கிட்டிருக்கோம் மேடம்.”

பரமேஸ்வரியிடம் என்ன சொல்வது? அவள் மறுபடி கூப்பிட்டாள். நான் எடுத்தேன். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திடீரென்று அந்தப் பக்கம் ஷாலினி, “அப்பா!” என்று கத்தினாள்.

நடந்தது பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. பரமேஸ்வரி விட்டுவந்த அரிசிச் சாக்கு நனைந்துவிடுமே என்று எடுக்க அவர் வீட்டுக்குள் போயிருக்கிறார். கல்லும் கல்லும் உராயும் சத்தம் கேட்டிருக்கிறது. சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். விடுதி முகப்பைத் தாண்டும்போது பின்னால் எல்லாம் இறங்கிவிட்டது. ஒரு கல் தோளில் பட்டு எலும்பு முறிந்திருக்கிறது. போன் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார்.

நான் உள்ளே போய்ச் சாரின் காதில் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. “மூணாம் நம்பர்?” என்று கேட்டார்.

“இல்ல சார். அந்த அறையே இல்ல.”

மேடையில் மொரீட்டா யாருடைய கேள்விக்கோ குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. வாங்கித் திறந்து கொடுத்தேன்.

நவம்பர் 26, புதன்

கார்பன், ஆர்கான் சண்டை பிரமாதமாக நடந்தது. தீரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதப்போகிறார்களாம்.

விருந்தின்போது சார் எழுந்து, மண்சரிவைப் பற்றிச் சொல்லி, “அபாயத்தை முன்கூட்டியே உணர்ந்து நாங்கள் இடத்தை மாற்றினோம்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மெமோவைப் பற்றி இனிப் பேச்சு வராது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மலைக்குத் திரும்பினேன். லோகநாதன் கட்டோடு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மையத்தின் பழைய பண்டகசாலையை ஒதுக்கியிருக்கிறார்கள். சாரே நேரில் வந்து சாவியைக் கொடுத்தாராம்.

நன்கொடையாக வந்த பாத்திரங்களையும் பாயையும் ஒரு ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். நானும் கூடப் போனேன். பண்டகசாலை நல்ல கட்டடம்தான். ஆனால் அதற்குப் பின்னாலும் மலைதான். அங்கேயும் ஒரு சுவர், உயரம் குறைவு.

ஆட்டோக்காரர் பாத்திரங்களை இறக்கப் போனார். பரமேஸ்வரி அவர் கையைத் தடுத்தாள்.

“மேடம், நீங்க பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எறக்குறேன்.”

“நான் என்ன இன்ஜினியரா பரமு?”

“பாருங்க மேடம்.”

பார்த்தேன். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கையால் தடவிக்கொண்டே போனேன். துளைகளில் தண்ணீர் வடிகிறதா என்று குனிந்து பார்த்தேன். வடிந்தது. கதவுகளைத் திறந்து திறந்து சாத்தினேன். விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. ஷாலினி என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்தாள்.

நன்றாக இருக்கிறது, இறக்கு என்று சொல்லியிருக்கலாம். பரமேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா எதுவும் தெரியல. ஆனா எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆட்டோவில் ஏறி, பாத்திரங்களுக்கு நடுவே ஷாலினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வண்டியத் திருப்புங்கண்ணே” என்றாள். “மேடத்துக்கு நிச்சயமாத் தெரியிற வரைக்கும் மேடம் வீட்லயே இருந்துக்கறோம்.”